துரைசாணி விட்டுப்போன கிளெமாட்டிஸ்

"நீங்கள் தந்த காகிதப்பூ செத்துப்போச்சுது, மிஸிஸ் சாமுவேல். வாய் வளர்க்கிற கெட்டித்தனம் உங்களுக்குக் கொடி வளர்க்கிறதில இல்லை."

சொன்னவர் லாபிஸ் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர். ஏழெட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, மண் ஒட்டிய கையை அலம்பக்கூட விடாமல் என் வாசல்படியில் நின்றுகொண்டு சொன்னார். கொடி விற்கிற தொழிலில் செத்த கொடிக்கு எப்போதும் விற்றவள்தான் கொலைகாரி. வாங்கியவள் துக்கத்தில் இருப்பவள், அவளை எதிர்த்துப் பேசக் கூடாது. நான் பேசினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். மூன்று வேளையும் என்றார், பிள்ளைக்குச் சோறு ஊட்டிய பெருமையோடு. காகிதப்பூ காய்ந்தால் பூக்கும், நனைந்தால் அழுகும், விற்றபோதே சொன்னேனே என்றேன். சொல்லவில்லை என்றார். சொன்னேன் என்றேன். இப்படியே கால் மணி நேரம் போன பிறகு, புதிதாக வெட்டிய போத்து ஒன்றைப் பால் டின்னில் நட்டு அவர் கையில் கொடுத்து, ஒரு வாரத்துக்குத் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள் என்றேன். டின்னை வாங்கிக்கொண்டு அவர் கேட்டது:

"தண்ணியில்லாமல் வளருற செடியெண்டால், நான் ஏன் அதை உங்களிட்ட வந்து வாங்கினனான்?"

வீட்டில் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. விற்பவர்களுக்கும் அல்ல. என்னைப் பற்றி இரண்டு வரி. என் வீட்டுக்காரர் லாபிஸுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி. நான் கான்வென்டில் படித்தவள். அங்கே தையலும் இங்கிலீஷ் இலக்கணமும் பிறர் தப்பைப் பார்த்தவுடன் திருத்துகிற வியாதியும் கற்றுக்கொண்டேன். ஆறு வருஷமாக வீட்டின் பின்னால் ரங்கூன் மல்லி, முல்லை, அலமண்டா, காகிதப்பூ எல்லாம் போத்தும் பதியமும் வைத்து விற்கிறேன். அதில் எனக்குப் பயம் இருந்ததில்லை. பயம் வந்தது ஒரே ஒரு கொடியால். தோட்ட மேனேஜர் துரையின் வெள்ளைக்கார மனைவி, துரைசாணிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் அதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் குச்சி

எங்கள் துரைசாணிக்குச் சீமையிலிருந்து வருஷத்துக்கு ஒரு கொடிப் புத்தகம் வரும், விலைப் பட்டியலோடு. அதில் கிளெமாட்டிஸ் என்று ஒரு பூ. சோற்றுத்தட்டு அகலம், ஊதா நிறம், ஒரு செங்கல் வீட்டு வாசல் முழுக்கப் படர்ந்திருக்கும். பிறந்த வீட்டில் இதே பூ இருந்ததாம். அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும்.

துரைசாணி எழுதிப் போட, கொடி கப்பலில் சிங்கப்பூர் வந்து, ரயிலில் லாபிஸ் வந்தது. கூட்ஸ் ஷெட் வாசலில் ஒரு பகல் முழுதும் வெயிலில் கிடந்த பிறகு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்தால் வைக்கோல், பாசி, நடுவே மூன்று குச்சிகள். இலை இல்லை, மொட்டு இல்லை. குளிர்காலத்தில் அது அப்படித்தான் தூங்கும், வேரைப் பார், உயிர் இருக்கிறது என்று துரைசாணி சொன்னார். இரண்டு குச்சிகளின் வேர் கையில் எடுத்ததும் பொடிந்தது. மூன்றாவதில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஊசி முனை அளவு பச்சை. பங்களாத் தோட்டக்காரன் முனியன் என் காதருகே மெதுவாகச் சொன்னான்:

"கிராணியம்மா, நம்ம லயத்துல அடுப்புக்கு இதைவிட நல்ல குச்சி இருக்கு. அதுக்கு எதுக்கு கப்பலு?"

தலைக்கு வெயில், காலுக்கு நிழல்

குச்சி பிழைத்தது. ஜாடி செய்கிற ஊரான ஆயர் ஈத்தாமிலிருந்து வாங்கிய பெரிய ஜாடியில் கழுத்துவரை ஆழமாக நட்டோம். இரண்டு மாதத்தில் முழங்கை உயரம் வந்து நாலைந்து இலை விட்டது. அந்தச் சமயத்தில்தான் துரைக்கு எட்டு மாத லீவு. ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் மரத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸிலும் இரண்டு கிராணியில் ஒருவர்தான் இருக்க முடியும், யார் என்பதை லீவு முடிந்து வந்து சொல்கிறேன் என்று துரை சொல்லிவிட்டார். சின்னக் கிராணி கல்யாணமாகாதவன், சம்பளம் குறைவு. என் வீட்டுக்காரருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். சம்பளம் அதற்குத் தக்கது. யாரை அனுப்புவது லாபம் என்பது எனக்கே தெரியும்போது துரைக்குத் தெரியாதா. வேலை போனால் இந்தக் குவார்ட்டர்ஸும் போகும். ஊர் என்று திரும்பிப் போக எங்களுக்கு ஊரும் கிடையாது. இரண்டு பேரும் இந்த நாட்டில் பிறந்தவர்கள்.

கப்பலுக்குப் புறப்படும் முதல் நாள் முனியனும் இன்னொருவனும் மூங்கிலில் கட்டி ஜாடியைத் தூக்கிவர, துரைசாணி பின்னால் நடந்து என் வீட்டுக்கு வந்தார். தலைக்கு வெயில் வேண்டும், காலுக்கு நிழல் வேண்டும் என்றார். மண்ணில் சுண்ணாம்பு வேண்டும், வேர் எப்போதும் குளிர்ந்திருக்க வேண்டும் என்றார். கொடிப் புத்தகத்தையும் என்னிடம் விட்டார். என் வீட்டுக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார், ஞானஸ்நானத்துக்கு நிற்பதுபோல. எல்லாம் சொல்லி முடித்து வாசல்படி இறங்கும்போது துரைசாணி திரும்பிப் பார்த்தார்:

"நான் வரும்போது அது பூத்திருக்கும், இல்லையா மிஸிஸ் சாமுவேல்?"

வெற்றிலைச் சுண்ணாம்பு

அன்றிலிருந்து என் வீட்டில் ஜெபத்துக்கு அடுத்தபடி அந்த ஜாடிதான். என் வீட்டுக்காரர் ஆபீஸ் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. கொடிக்கும் துரையின் முடிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் இலையை எண்ணினோம்.

ஒரு நாள் இலை ஓரம் மஞ்சளித்தது. புத்தகத்தைப் புரட்டினால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. எந்தச் சுண்ணாம்பு, எவ்வளவு என்று இல்லை. சீமைக்காரர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். லாபிஸில் சுண்ணாம்பு என்றால் இரண்டுதான்: சுவருக்கு அடிப்பது, வெற்றிலைக்குத் தடவுவது. சுவருக்கு அடிப்பதில் நீலம் கலந்திருந்தது. ஆகவே முனியன் மனைவி அஞ்சலையிடம் அவள் வெற்றிலைப் பெட்டியைக் கேட்டேன். கான்வென்டில் படித்த கிராணி மனைவி வெற்றிலை போடப் பழகிவிட்டாள் என்று அன்றைக்கே தொழிலாளர் குடியிருக்கிற லயம் முழுக்கப் பேச்சு. நான் ஜாடியில் வேரைச் சுற்றி விரலால் தடவியதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு மாறி வேறு பேச்சானது. அஞ்சலை காலியான டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கே கூடிப்போனா வாய் வெந்துபோவுது கிராணியம்மா. அதுக்குக் கொஞ்சம் பாக்காவது வச்சு விடுங்க."

டிரெஸ்ஸர் வீட்டு ஆசை

இதற்கு நடுவில் தொழிலும் நடக்க வேண்டுமே. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸரின் மனைவி முல்லை வாங்க வந்தவள், ஜாடிக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். முல்லை வேண்டாம், இந்த ஊதாப் பூக்கொடிதான் வேண்டும், ஒரு போத்து வெட்டிக் கொடு என்று உட்கார்ந்துகொண்டாள். இது என்னுடையது இல்லை, துரைசாணியுடையது என்றேன். ஒரு கணுதானே என்றாள். இதற்கு இருப்பதே ஒன்பது கணு என்றேன். சீமைக் குளிரில் ஆறு மாதம் தூங்கினால்தான் இது பூக்கும், இங்கே பூக்குமா என்று எனக்கே தெரியாது, நீ காசைக் கொட்டாதே என்று நல்ல வார்த்தையும் சொன்னேன். விற்கிறவள் வாயிலிருந்து இந்த மாதிரி நல்ல வார்த்தை வந்தால் வாங்க வந்தவளுக்குச் சந்தேகம் வருமே தவிர, நன்றி வராது. என் அனுபவத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அவள் எழுந்து போகிற வழியில் சின்னக் கிராணி வருவதைப் பார்த்து நின்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள்:

"தம்பி, துரைசாணிக்கு மட்டும் பூக்கிற கொடியாம் இது. நீங்களும் ஒண்ணு வச்சுக்குங்க, உங்களுக்கும் வேலை நிக்கும்."

ஐஸ்

மஞ்சள் நின்றது. ஆனால் வளர்ச்சியும் நின்றது. வேர் குளிர்ந்திருக்க வேண்டும் என்று துரைசாணி சொன்னது எனக்கு வெயில் ஏற ஏற ஞாபகம் வரும். ஜாடிக்கு ஈரச் சாக்கு கட்டினேன். காலடியில் தேங்காய் மட்டை அடுக்கினேன். மத்தியானத்தில் கையை வைத்துப் பார்த்தால் ஜாடி, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை. இனி நீங்கள் சிரிக்கலாம்.

லாபிஸுக்கு மீன் ரயிலில் வரும், மரத்தூளுக்குள் ஐஸ் வைத்து. மீன்காரச் சீனனிடம் பேசி, வாரத்துக்கு இரண்டு நாள் மிச்ச ஐஸை எனக்கென்று வைக்கச் சொன்னேன். முனியன் அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவருவான். வீடு சேரும்போது பாதிதான் இருக்கும். அதை உடைத்து, வேரைச் சுற்றித் தேங்காய் மட்டைக்குக் கீழே அடுக்குவேன். மூன்று மணி நேரமாவது சீமைக் குளிர் கிடைக்கட்டும் என்று. இரண்டாம் வாரம் எங்கள் சந்துப் பூனைகள் எல்லாம் ஜாடியைச் சுற்றி உட்காரத் தொடங்கின. பத்து நாளைக்குப் பிறகு அந்தக் கொடியில் சுறாமீன் வாசம் அடித்தது. என் வீட்டுக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இலையை எண்ணினார். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவிதான் விசாரிக்க வந்தார். பிளாட்பாரத்தில் ஐஸ் இறங்குவதை நாள்தோறும் பார்ப்பவர். ஜாடியைப் பார்த்தார், பூனைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்:

"என்னட்ட ஒரு வாரம் தண்ணியே விடாதேங்கோ எண்டு சொன்ன ஆள்தானே நீங்கள்?"

ஒரே காலையில்

மூன்றாம் மாதத்தில் ஒரு புதன்கிழமை. முதல் நாள் சாயங்காலம் நிமிர்ந்து நின்ற கொடி, காலையில் நனைந்த துணி மாதிரி தொங்கியது. இலை எல்லாம் ஒரே நேரத்தில் கறுத்துவிட்டது. ஒவ்வொன்றாகப் போயிருந்தால் மனசைத் தயார்படுத்தியிருப்பேன். தண்டைக் கீழே வெட்டினேன், சுரண்டினேன், ஊசி முனைப் பச்சையைத் தேடினேன். இல்லை. வேரைத் தோண்டினேன். இரண்டு விரலுக்கு நடுவே நசுங்கியது.

அது சுண்ணாம்பா, ஐஸா, இந்த ஊர் வெயிலா, அதன் விதியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் போல நிறையப் பேர் சொன்னார்கள். நான் பின்வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தவர், ஜாடியைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு சொல்லி மனசு ஆறியிருக்கும். அவர் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்துவிட்டுக் கேட்டார்:

"ஞானம், மலாக்காவுல உன் அண்ணன் வீட்டுல மேல் அறை இன்னும் காலியாத்தான் இருக்கா?"

ஆற்றங்கரை

முனியனை நான் முட்டாள் என்று நினைத்திருந்ததற்கு இங்கே மன்னிப்புக் கேட்கிறேன். கொடி செத்த செய்தி கேட்டு வந்தவன், காய்ந்த தண்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான். கொடி என்றால் சிலது சுருள்கம்பி விட்டுப் பிடிக்கும், சிலது தண்டையே சுற்றிக்கொள்ளும், சிலது முள்ளால் தொற்றும். கிளெமாட்டிஸ் இலைக்காம்பால் பிடிக்கும். காம்பு விரல் மாதிரி வளைந்து குச்சியைப் பற்றிக்கொள்ளும். புத்தகத்தில் இது இல்லை. இத்தனை நாள் தினமும் இலை எண்ணிய எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. முனியன் பார்த்திருக்கிறான்.

மறுநாள் மத்தியானம் ஆற்றங்கரைப் புதரிலிருந்து ஒரு கொடியை வேரும் மண்ணுமாகச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தான். இலை தடிப்பு, அகலம், பச்சையும் அடர்த்தி. ஆனால் காம்பு அதே மாதிரிதான் விரல் மடக்கியிருந்தது. இது என்ன கொடி என்றேன். பேர் தெரியாது, காட்டுக்கொடி, எப்போதாவது பூக்கும் என்றான். எதற்கு இது என்றேன். வெற்று ஜாடியைக் காட்டினான்:

"சொந்தக்காரன் மாதிரி இருக்கு கிராணியம்மா. இடம் சும்மா கெடக்குதே, வச்சுப் பாருங்க."

ஒன்றும் சொல்லாதே

வைத்தேன். சுண்ணாம்பு இல்லை, ஐஸ் இல்லை, புத்தகமும் இல்லை. அது ஒரு மாதத்தில் பந்தல் ஏறியது. மூன்று மாதத்தில் பந்தல் போதவில்லை. துரை திரும்பி வருகிற வாரத்துக்கு முந்தின வாரம் மொட்டு விட்டது. வெளிப்பக்கம் மூக்குப்பொடி தூவினது போலப் பழுப்பு. விரிந்தால் உள்ளே நாலு இதழ், இருண்ட ஊதா, நடுவில் வெள்ளை நூல் கற்றை. படத்தில் இருப்பதில் நாலில் ஒரு பங்கு அளவு. ஆனால் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முகச்சாடை அதேதான். பெரியம்மா பெண், சின்னம்மா பெண் என்று சொல்லலாம்.

என் வீட்டுக்காரர் எட்டு மாதத்தில் முதல் தடவையாக நாற்காலி போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார். கடவுளே அனுப்பினார் என்றார். இது துரைசாணியுடையது இல்லையே என்றேன். எட்டு மாதத்தில் சீதோஷ்ணம் மாறி இலையும் பூவும் மாறியது என்று சொல்லலாமே என்றார். பதினெட்டு வருஷம் கணக்குப் புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூட மாற்றாத மனிதர் இப்படிச் சொன்னது எனக்குக் கொடி செத்ததைவிடப் பயமாக இருந்தது. பொய் சொல்லிப் பிடிபட்டால் இருக்கிற பெயரும் போகும் என்றேன். உண்மை சொன்னால் வீடே போகும் என்றார். இரண்டு நாள் இதுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு. மூன்றாம் நாள் காலை, லீவு முடிந்து வந்திறங்கிய துரைசாணி பின்பக்கமாக நடந்து வருகிறார் என்று அஞ்சலை ஓடிவந்து சொன்னாள். என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தொப்பியைக் கையில் எடுத்தபடி என்னிடம் சொன்னார்:

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லல, ஞானம். அவங்க கேட்கிற வரைக்கும் ஒண்ணும் சொல்லாத, அது போதும்."

கேட்டார்

துரைசாணி இளைத்திருந்தார். சீமைக்குப் போய் வந்தவர் முகம் மாதிரி இல்லை. குசலம்கூட விசாரிக்காமல் நேரே பந்தலுக்குப் போனார். ஓர் இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். பூவை இரண்டு விரலால் நிமிர்த்தினார். பிறகு, திரும்பாமலே, "நான் விட்டுப்போனது இது இல்லை, மிஸிஸ் சாமுவேல்" என்றார்.

இலக்கணம் பிசகாத இங்கிலீஷ் வாக்கியங்கள் நாலைந்து நான் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "இல்லை, மேடம். உங்களுடையது மூன்றாம் மாதம் செத்துவிட்டது. சுண்ணாம்பு வைத்தேன், ஐஸ் வைத்தேன், செத்துவிட்டது. இது நம் ஆற்றங்கரையில் இருந்த கொடி. முனியன் கொண்டுவந்தான்" என்றேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "இங்கேயே இருந்ததா" என்று மட்டும் கேட்டார். இருந்திருக்கிறது என்றேன். அவர் தலையசைத்தார். சீமையில் அவர் அம்மா வீட்டை விற்றுவிட்டார்களாம். வாங்கியவர்கள் வாசல் கொடியை வெட்டிவிட்டார்களாம். வானிலை சொல்வது போலச் சொன்னார். சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், பிறந்த ஊர்க் கொடி பூத்திருக்கிறது என்று கப்பலிலிருந்தே அவர்களுக்கு எழுதிவிட்டேன், ஜாடியை நாளை பங்களாவுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்புகிறேன் என்றேன். நாங்கள் இரண்டு நாளாகப் பயந்து பயந்து பேசிய பொய்யை அவர் ஒரே மூச்சில் எழுதியே அனுப்பியிருந்தார்.

கொடியைப் பற்றி எது கேட்டாலும் இந்த லாபிஸில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். "மேடம், துரை இன்னும் முடிவு சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்காரர் வேலையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று நான் கேட்டபோது மட்டும், துரைசாணி குனிந்து, துளிக்கூட வாசனை இல்லாத அந்தப் பூவைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்துகொண்டே இருந்தார்.